றம்புட்டானைப் பழுக்க வைக்க முடியாது

ஜூன், ஜூலை வந்தால் கொழும்பில் காலி வீதி ஓரமெல்லாம் றம்புட்டான் குவிந்துவிடும். மல்வானைப் பழம் என்று கூவி விற்பார்கள். வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீடுகளில், பாதி பச்சையாக இருக்கிற குலையை மலிவாக வாங்கி அரிசிக்குள் புதைப்பதைப் பார்த்திருக்கிறேன். மாம்பழத்துக்கு அது சரி. றம்புட்டான் மரத்திலேயே பழுத்து முடிகிற பழம். பறிக்கும்போது என்ன இனிப்போ, கடைசி வரைக்கும் அதேதான். நாள் போனால் முள் கருகி வாடுமே தவிர சுளை இனிக்காது. அன்னாசியும் டிராகன் பழமும் அப்படித்தான், பறித்த பிறகு இனிப்பு ஏறாது.

மங்குஸ்தானில் தவறு வேறு மாதிரி. கல்லுப்போல இருப்பதைப் பார்த்து "புதுசு" என்று நம்பி வாங்கிவிடுகிறோம். நன்றாகக் கறுத்த ஊதா நிறத்தில் இருந்தும் ஓடு இறுகியிருந்தால் அது பழசு. உள்ளே சுளை கெட்டிருக்கலாம். பெருவிரலால் அழுத்தினால் இலேசாக அமுங்க வேண்டும். அப்புறம் பழத்தைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் பூப்போன்ற அடையாளத்தின் இதழ்களை எண்ணுங்கள். ஆறு இதழ் என்றால் உள்ளே ஆறு சுளை. இதழ் கூடினால் சுளை சிறிது, பெரிய கொட்டையும் குறைவு. கத்தியை ஆழ இறக்காதீர்கள். ஓட்டைச் சுற்றி மேலாகக் கீறித் திருகினால் போதும். ஓட்டின் சாறு சுளையில் பட்டால் கசக்கும், துணியில் பட்டால் கறை போகாது. வாயில் வைத்ததும் இனிப்பு, விழுங்கும்போது மெல்லிய புளிப்பு: அந்தச் சுவைக்காக இவ்வளவு பாடும் படலாம்.

கொடித்தோடையின் தோல் சுருங்கிவிட்டது என்று வீசிவிடாதீர்கள், புளிப்புக் குறைந்து இனிப்பது அப்போதுதான். ஆனைக்கொய்யாவைக் காயாகவே ஃபிரிஜில் வைத்தால் ஒழுங்காகப் பழுக்காது. வாழைப்பழத்தோடு ஒரு கடதாசிப் பையில் வெளியே வையுங்கள். தூரியானை மணத்தை வைத்து ஒதுக்காமல் ஒரு சுளையாவது சாப்பிட்டுப் பாருங்கள். பாலாடை போன்ற இனிப்புக்குள் வதக்கிய வெங்காயத்தின் சாயல் வரும்.

நான் பயப்படுகிற தவறு ஒன்றே ஒன்று, காமரங்காய். வெட்டினால் நட்சத்திரம், கடித்தால் புளிப்பும் இனிப்பும், அதனால் எல்லோருக்கும் சாறு பிழிந்து கொடுக்கிறோம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அது நஞ்சு. அதில் இருக்கும் கரம்பாக்சின் என்ற பொருளை 2013இல் பிரேசில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் முடியாது, நஞ்சு மூளையைத் தாக்கும். சுகமாக இருப்பவர்கள்கூட வெறும் வயிற்றில் நிறையச் சாறு குடிக்கக் கூடாது, அதிலுள்ள ஒக்சலேட்டு என்ற பொருள் சிறுநீரகத்தையே கெடுக்கும். வீட்டுக்கு வந்த மாமாவுக்கோ மாமிக்கோ கொடுக்குமுன் சிறுநீரக வருத்தம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியான ஒருவர் தெரியாமல் சாப்பிட்டு, விக்கல் நிற்காமல் வந்தாலோ பேச்சுக் குழம்பினாலோ, காலை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், காமரங்காய் சாப்பிட்டதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.