அமர்வின் நடுவே ஆள் விலகிப்போகும்போது: புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகராக இருக்கும் நான், பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் எழுதும் அமர்வுக் குறிப்புகளைச் சனிக்கிழமைதோறும் வாசிக்கிறேன். சென்ற மாதம் ஒரு குறிப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "பழைய சம்பவத்தைச் சொல்லும்போது முதலில் அழுதார், பின்பு அமைதியானார், அமர்வு நல்லபடியாக முடிந்தது." இதே வரியை, ஏறக்குறைய இதே சொற்களில், பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் எழுதியிருக்கிறேன். அந்த வரியால் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். ரகசியம் காப்பது, நேரத்துக்கு வருவது போன்றவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. கொடுமையான நினைவைப் பேசும்போது, ஆள் அறையில் இருக்க, உணர்வு மட்டும் விலகிப்போகும் நிலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மரத்துப்போனதை அமைதி என்று எடுத்துக்கொள்வது

வந்தவர் வீரவநல்லூர்ப் பக்கத்துப் பெண். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிறுவயதில் வீட்டில் நடந்த வன்முறையைப் பற்றி மூன்றாவது அமர்வில் பேசத் தொடங்கினார். பேசும்போது துப்பட்டாவின் ஓரத்தை விரலால் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். ஒரு கட்டத்தில் அந்த விரல் நின்றது. அழுகையும் நின்றது. பார்வை என் தோளுக்கு மேலே சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் போய் நிலைத்தது. கேள்வி கேட்டால் மூன்று, நான்கு நொடி கழித்து "ம்" என்று மட்டும் பதில் வந்தது. பிறகு அவராகவே சொன்னார்: "ஃபேன் சத்தம் மட்டும் பெரிசா கேக்கு மேடம். நீங்க பேசுதது கெணத்துக்குள்ள இருந்து வார மாதிரி இருக்கு. கை என் கை மாதிரியே இல்ல."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. நானோ, மனப்பாரம் இறங்கி உடல் தளர்கிறது என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லி, அந்தச் சம்பவத்துக்குள் இன்னும் கொஞ்சம் போகச் சொன்னேன். அடுத்தவர் வெளியே காத்திருந்ததால் ஐம்பதாவது நிமிடத்தில் அமர்வை முடித்தேன். வாசலில் அவர் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்ததைப் பார்த்தேன். பேருந்துக்கு அவசரமாகப் போகிறார் என்று எண்ணிக் கதவைச் சாத்தினேன். அன்று என் குறிப்பில் "அமைதியானார்" என்று எழுதினேன்.

பொழுது சாய்ந்த பிறகு தொலைபேசி வந்தது. "மேடம், நான் பாபநாசத்துல நிக்கேன். எப்படி வந்தேன்னு தெரியல." புதிய பேருந்து நிலையத்தில் ஏறியது அவருக்கு நினைவிருந்தது. அதன் பிறகு சேரன்மகாதேவியோ, அவருடைய சொந்த ஊரோ, கல்லிடைக்குறிச்சியோ, அம்பாசமுத்திரமோ எதுவும் நினைவில்லை. கடைசி நிறுத்தம் என்று நடத்துநர் இறக்கிவிட, கால் போன போக்கில் போய் ஆற்றுப் படித்துறையில் நின்றிருக்கிறார். அவருடைய அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து சேரும்வரை நான் தொலைபேசியை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் தாமிரபரணி பாயும் சத்தமும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு ஒரே ஒரு முறை வந்தார், பின்பு வரவில்லை.

1986இல் ஈவ் பெர்ன்ஸ்டைன், ஃபிராங்க் புட்னம் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட, 28 கேள்விகள் கொண்ட விலகல் அனுபவ அளவுகோலை நான் அதற்கு முன்பே படித்திருந்தேன். அதன் முதல் கேள்வியே, காரிலோ பேருந்திலோ போகும்போது பயணத்தின் ஒரு பகுதியில் என்ன நடந்தது என்பது நினைவில்லாமல் போனதுண்டா என்பதுதான். ஓரளவுக்கு இது எல்லாருக்கும் நேர்வது; ஜன்னலோரம் உட்கார்ந்து யோசனையில் ஊரைத் தாண்டிப்போனவர்களையெல்லாம் நோயாளி ஆக்க வேண்டியதில்லை. ஆனால் கொடுமையான ஒரு நினைவைக் கிளறிவிட்டு, அதன் நடுவிலேயே எழுப்பி அனுப்பினால், அது யோசனையில் ஊரைத் தாண்டுவதோடு நிற்காது.

டிசோசியேஷன் என்று மருத்துவர்கள் குறிப்பதை நாங்கள் விலகல் நிலை என்று எழுதுகிறோம். தாங்க முடியாத அளவுக்கு உணர்ச்சி பொங்கும்போது, தப்பி ஓடவும் வழியில்லாத இடத்தில், மூளை உணர்வின் சத்தத்தையே குறைத்துவிடுகிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயில் ஒரு பிரிவினருக்கு, மூளையின் முன்பகுதி உணர்ச்சி மையங்களை அளவுக்கு மீறி அடக்கிவிடுகிறது என்று மனநல ஆய்வாளர் ரூத் லேனியஸ் குழுவினர் 2010இல் விளக்கினார்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு இதைத் தனி உட்பிரிவாகவே ஏற்றுக்கொண்டது. நடுங்கி அழுபவரைப் பார்த்தால் நமக்குப் பதற்றம் வருகிறது. அதே அளவு துன்பத்தில் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி நம்முடையது. அதை அவருடைய குறிப்பில் எழுதக் கூடாது.

உண்மையாகவே தளர்ந்தவர் உங்களைப் பார்ப்பார், மூச்சு ஆழமாக இறங்கும், பதில் உடனே வரும், உட்கார்ந்திருக்கும் விதத்தைத் தானாக மாற்றிக்கொள்வார். விலகிப்போனவருக்கு இமைப்பது குறையும், குரல் தட்டையாகும், பதில் தாமதமாகும். அறை நீண்டு போனது, நீங்கள் சிறிதாகத் தெரிகிறீர்கள், நிறம் வெளிறியிருக்கிறது, உதடு மரத்தது, தான் மேலே இருந்து தன்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார். சொல்லாமலும் இருப்பார், ஆகையால் விரல்களைப் பாருங்கள்.

அப்படித் தெரிந்தவுடன் கதையை நிறுத்துங்கள். "இதை இத்தோடு வைத்துக்கொள்வோம், இப்போது நீங்கள் பாளையங்கோட்டையில், என் அறையில் இருக்கிறீர்கள்" என்று வழக்கமான குரலில் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து, கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைப் பார்க்கச் சொல்லுங்கள். என் அறையில் நாற்காலிக்குக் கீழே பத்தமடைக் கோரைப்பாய் ஒன்று விரித்திருக்கிறது. வெறுங்காலை அதில் அழுத்தி, கோரையின் வரிகளைப் பாதத்தால் உணரச் சொல்கிறேன். பலருக்கு அந்த வரிகள்தான் முதலில் திரும்பிவருகின்றன, அதற்குப் பிறகுதான் என் குரல். பழைய நினைவுக்குள் இறங்குவதற்கு முன்பு ஆளை நிலைப்படுத்த வேண்டும் என்ற முறை பிரெஞ்சு உளவியலாளர் பியர் ழானே காலத்திலிருந்து, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, நம் துறையில் இருக்கிறது. மூன்றாவது அமர்விலேயே நான் அதைத் தாண்டிப்போனதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

கேட்காமல் தொடுவது

தோளைத் தட்டி எழுப்பாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் கை யாருடைய கையாக அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஐந்து பொருள், மூன்று சத்தம் என்று பாடம் ஒப்பிக்க வைப்பது

கண்ணில் படும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நான்கு, காதில் விழும் மூன்று என்று எண்ணிச் சொல்லும் பயிற்சி நல்லதுதான். ஆனால் வாய்மொழித் தேர்வு நடத்துவதுபோல் கேட்டால், பதில் தெரியாத பிள்ளையின் பயம் அவருக்கு வந்துவிடுகிறது. ஒன்றைச் சொன்னாலே போதும், அதிலேயே நில்லுங்கள். வாசனையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பயிற்சிக்கு வந்த ஒருவர், மனதுக்கு இதமாக இருக்கட்டும் என்று மேசையில் பிச்சிப்பூ வைத்தார். வந்தவருக்கோ அந்த மணமே அவர் மறக்க நினைத்த ஒரு கல்யாண வீட்டுக்குத் திரும்பப் போகும் வழியாக இருந்தது. என் மேசையில் இப்போது இருப்பது பானைத் தண்ணீரும் ஒரு துண்டு சுக்குக் கருப்பட்டியும்தான். அதையும் பிடித்திருக்கிறதா என்று முதல் அமர்விலேயே கேட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வது

வேகமாக மூச்சு வாங்கும் ஒருவரை இன்னும் இழுக்கச் சொன்னால், இரத்தத்தில் கரியமில வாயு மேலும் குறைந்து, வாயைச் சுற்றிக் கூச்சமும் விரல் இழுப்பும் கிறக்கமும் கூடும். மூச்சை விடுவதைத்தான் நீட்டச் சொல்ல வேண்டும்.

உடல் நோயை மனதின் கணக்கில் எழுதுவது

ரப்பர் எரியும் வாடை வருகிறது என்று சொல்லி, உடனே பேச்சு நின்று, உதட்டைச் சப்புக்கொட்டி, ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்து, நடந்தது தெரியாமல் விழிப்பவருக்குக் கோரைப்பாய் உதவாது. அது வலிப்பாக இருக்கலாம். எந்தப் பேச்சு நடந்தாலும், பேச்சே இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் அச்சடித்ததுபோல் ஒரே வரிசையில் வருகிறதா என்று கேளுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு முறை எடுத்த இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) சரியாக இருந்தது என்பதற்காக வலிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கண்ணில் வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தெரிந்து, சிறிது நேரத்தில் தலைவலி வந்தால் ஒற்றைத் தலைவலியை நினையுங்கள். காலையில் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள்.

கொடைக்குச் சாமியாடுபவரை நோயாளி ஆக்குவது

நம் ஊர்ப்பக்கம் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டும் மேளமும் ஏற ஏற, சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருவதை ஊரே சுற்றி நின்று எதிர்பார்க்கிறது. உரிய நாளில், உரிய இடத்தில் வந்து, திருநீறு பூசியதும் இறங்கிவிடுகிறது. மறுநாள் அவர் வயலுக்குப் போகிறார். மருத்துவ வகைப்பாடே இத்தகைய சமய வழக்கங்களை நோயிலிருந்து விலக்கித்தான் வைத்திருக்கிறது. இதன் மறுபக்கத்துத் தவறும் உண்டு: சமையலறையில் தனியாக நிற்கும்போது, விருப்பமில்லாமல், பயத்தோடு ஒரு பெண் தன்னை மறந்து போவதையும் "மாடன் இறங்கியிருக்கு" என்று வீட்டார் சொன்னால் தலையாட்டிவிடுவது. அவருக்கு அது வேண்டியிருக்கிறதா, அது நிற்கிறதா, அதனால் பிழைப்பு கெடுகிறதா என்று கேட்டாலே இரண்டுக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும்.

தனியாகச் சமாளிப்பது

மூத்தவர் ஒருவரிடம் அதே வாரத்தில் பேசிவிடுங்கள். வந்தவருக்கு, இரவில் அழைக்க அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எழுதிக் கொடுங்கள்.

கடைசி நிமிடம்வரை பேசவிடுவது

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் நான் பழைய கதை எதையும் எடுப்பதில்லை. எந்தப் பேருந்து, எங்கே இறங்க வேண்டும், வீட்டில் இப்போது யார் இருப்பார்கள், இரவுக்கு என்ன சமையல் என்று கேட்கிறேன். பதில் தாமதமாக வந்தால், அடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக் காத்திருக்கச் சொல்கிறேன். பிறகு வாசல்வரை உடன் போய், அவர் செருப்பு மாட்டுவதை நின்று பார்க்கிறேன். இடம் வலம் மாறியிருந்தால் மீண்டும் உள்ளே அழைத்துப் பாயில் கால் வைத்து உட்கார வைக்கிறேன்.