கிளிக்குக்குக் காசு கொடுக்கும் முன்: அஃபிலியேட் விளம்பரத்துக்குப் பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி?

கூகுளில் விளம்பரம் கொடுத்து, பிறர் தயாரித்த பொருளை விற்றுக் கமிஷன் பெறுவதைப் பற்றிய பதிவு இது. இப்படி விற்றுத் தருபவரைத்தான் 'அஃபிலியேட்' என்கிறார்கள். வந்தவர் வாங்கினாலும் வாங்காமல் போனாலும் ஒவ்வொரு கிளிக்குக்கும் உங்கள் பணம் போகும். கட்டுரை எழுதி வாசகர்களைச் சேர்ப்பவர் தவறான பொருளைத் தேர்ந்தால் உழைப்புதான் வீணாகும். இங்கே கைக்காசே கரைந்துவிடும். அதனால்தான் விளம்பர வாசகம் எழுதுவதைவிடப் பொருள் தேர்வே பெரிய வேலை என்று சொல்கிறேன். புதியவர்கள் பெரும்பாலும் கமிஷன் சதவீதத்தைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். தேட வேண்டிய இடம் அதுவல்ல.

படி 1: தேடுபவர் யார் என்று பாருங்கள்

நாய்ப் பயிற்சி வகுப்பை எடுத்துக்கொள்வோம். "நாய் ஏன் குரைக்கிறது" என்று தேடுபவருக்கு ஆர்வம் இருக்கிறது, அவ்வளவுதான். "இரவில் நாய் குரைப்பதை நிறுத்துவது எப்படி" என்று தேடுபவருக்குத் தூக்கமே கெட்டிருக்கிறது. "நாய்ப் பயிற்சி ஆன்லைன் வகுப்பு கட்டணம்" என்று தேடுபவர் பணம் கொடுக்கத் தயாராக வந்திருக்கிறார். பின்னிரண்டு வகைத் தேடல்களும் போதுமான அளவில் இருந்தால் அந்தத் துறையைத் தொடலாம். கூகுளில் விளம்பரம் கொடுக்க உதவும் கூகுள் ஆட்ஸ் கணக்கில், கீவேர்டு (தேடல் சொல்) பிளானர் என்ற கருவி இதைக் காட்டும். தேடல் பக்கத்தின் மேல்பகுதியில் விளம்பரம் வர ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேட்க வேண்டியிருக்கும் என்ற ஏல விலையையும் சொல்லும். அந்த விலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் படியில் அதுதான் தீர்ப்பு சொல்லும். "இலவசம்" என்ற சொல் வரும் தேடல்களை இப்போதே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்; அந்தத் தேடல்களுக்கு உங்கள் விளம்பரம் வராது.

படி 2: சந்தை காட்டும் எண்களைச் சரியாகப் படியுங்கள்

அஃபிலியேட்டுகள் விற்கப் பொருள் தேடும் சந்தைகளில், 1998-இல் தொடங்கிய கிளிக்பேங்க், சி.ஜே. (கமிஷன் ஜங்ஷன்) ஆகிய இரண்டும் பழைய, பெரிய தளங்கள். கிளிக்பேங்கில் 'கிராவிட்டி' என்றோர் எண் இருக்கும். அது விற்பனை எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கடந்த 12 வாரங்களில் அந்தப் பொருளை விற்றுக் கமிஷன் பெற்ற அஃபிலியேட்டுகள் எத்தனை பேர் என்பதைக் காட்டும் எண் அது. அண்மையில் விற்றவருக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. அவர்கள் மின்னஞ்சலில் விற்றார்களா, யூடியூபில் விற்றார்களா என்பது அதில் தெரியாது. சி.ஜே. தளத்தில் காணும் இ.பி.சி. என்பதோ 100 கிளிக்குகளுக்கான வருமானம். 25 டாலர் என்று இருந்தால் ஒரு கிளிக்குக்கு 25 சென்ட்தான்.

படி 3: கணக்குப் போடுங்கள்

ஒரு விற்பனைக்கு 40 டாலர் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். 100 கிளிக்கில் ஒருவர் வாங்குகிறார் என்றால் ஒரு கிளிக்கின் மதிப்பு 40 சென்ட். பத்தில் ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டால் அது 36 சென்ட்டாகக் குறையும். இதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு சென்ட்டும் நட்டம்.

இப்போது முதல் படியில் குறித்த ஏல விலையை எடுங்கள். அது 1 டாலர் என்றால் 75 சதவீதக் கமிஷன் தந்தாலும் அந்தப் பொருள் வேண்டாம். 25 சென்ட் என்றால் மேலே போகலாம். வாங்குவோர் விகிதத்தை நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று ஆசையாகக் கூட்டி எழுதாதீர்கள். நூற்றுக்கு ஒன்று என்றே தொடங்குங்கள். அதிலும் தாக்குப்பிடிக்கும் பொருளையே நம்பலாம்.

படி 4: விதிகளை முழுதாகப் படியுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் கமிஷன் ரத்தாவது பெரும்பாலும் இங்கேதான். பல நிறுவனங்கள் தங்கள் பிராண்டு பெயரின் மீது அஃபிலியேட்டுகள் ஏலம் கேட்பதைத் தடை செய்கின்றன. அமேசான் திட்டத்தில் தேடல் விளம்பரத்திலிருந்து வாடிக்கையாளரை நேராக அமேசானுக்கு அனுப்பவும் கூடாது. கூகுள் பக்கமும் கட்டுப்பாடு உண்டு: ஒரு தேடலுக்கு ஒரே இணைய முகவரி கொண்ட அஃபிலியேட் விளம்பரங்களில் ஒன்றை மட்டுமே காட்டுவது என்று 2005-இல் முடிவு செய்தது. அடுத்த தளத்துக்குத் தள்ளிவிடுவதற்காக மட்டுமே இருக்கும் பக்கத்தையும் அது ஏற்பதில்லை. ஆகவே உங்கள் சொந்த எழுத்தில் உருப்படியான ஒரு பக்கம் தேவை. வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் வரும் என்பதையும் அதில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

படி 5: விற்பனைப் பக்கத்தை வாங்குபவராகப் பாருங்கள்

கைப்பேசியில் திறந்து பாருங்கள். தொலைபேசி எண் பெரிதாக இருக்கிறதா? அதில் அழைத்து வாங்குபவரின் கமிஷன் உங்களுக்கு வராமல் போகலாம். வேறு தளங்களுக்கு இணைப்புகள் இருந்தாலும் அதே கதி. முடிந்தால் பொருளை வாங்கிப் பயன்படுத்துங்கள். உங்கள் வீட்டாருக்குப் பரிந்துரைக்கத் தயங்கும் பொருளை முன்பின் தெரியாதவருக்கு விற்காதீர்கள்.

போட்டியாளர்களையும் சில வாரங்கள் கவனியுங்கள். ஒரே விளம்பரம் தொடர்ந்து ஓடினால் அதில் லாபம் இருக்க வாய்ப்பு அதிகம். கூகுள் ஆட்ஸில் உள்ள முன்னோட்டக் கருவியில் பாருங்கள்; அவர்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்து அவர்கள் காசைக் கரைக்க வேண்டாம்.

படி 6: சிறு சோதனை, ஆனால் போதுமான சோதனை

100 கிளிக் வந்தும் விற்கவில்லை என்று கைவிடுபவர்கள் ஏராளம். நூற்றுக்கு ஒருவர் வாங்கும் பொருளிலும், முதல் 100 கிளிக்கில் ஒன்றுமே விற்காமல் போக ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 300 கிளிக்கில் அது 5 சதவீதம்தான். எனவே 300 கிளிக்குக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். 25 சென்ட் வீதம் 75 டாலர். எந்தச் சொல் விற்றது என்று தெரிய, ஒவ்வொரு கீவேர்டுக்கும் தனி ட்ராக்கிங் ஐடி (விற்பனை எங்கிருந்து வந்தது என்று காட்ட இணைப்பில் சேர்க்கும் அடையாளக் குறி) கொடுங்கள். அவ்வளவு பணத்தை இழக்கத் துணிவில்லையெனில், கிளிக் விலை இன்னும் குறைந்த துறையைத் தேடி முதல் படிக்குத் திரும்புங்கள்.