செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லையா?

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், தேவிபட்டினம் பக்கம் கடலோரத்திலேயே நிற்கும் கார்களை உப்புக்காற்று சும்மா விடாது. சைலன்சருக்குள் தகடு துருப்பிடித்துக் கழன்று வழியை அடைத்துவிடும். புகை வெளியேறாவிட்டால் புதுக் காற்று உள்ளே நுழைய இடமேது? செல்ஃப் நன்றாகச் சுற்றும். இன்ஜின் பிடித்தாலும் சில நொடியில் அணையும்.

பேட்டரி, பெட்ரோல், ஸ்பார்க் மூன்றும் சரி என்றால், ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி சைலன்சர் வாயருகே கையை வையுங்கள். காற்று விட்டுவிட்டுத் தள்ள வேண்டும். வரவில்லையா? டார்ச் அடித்துப் பாருங்கள், குளவிக்கூடுகூட இருக்கலாம்.

அப்புறம் நான் பெரிதும் நம்பும் சோதனை. இன்ஜின் ஆறியபின், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி) முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரை (புகையில் ஆக்சிஜனை அளக்கும் கருவி) கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்தால் அடைப்பு அதற்குப் பின்னால்தான். துளை வழியே சூடான புகை பீய்ச்சும். வயர்களை ஒதுக்கிக் கட்டுங்கள். தயவுசெய்து திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது கலகலத்தால் உள்ளே பீங்கான் உடைந்திருக்கிறது. புதிது மாட்டும் முன் ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் இரண்டையும் பாருங்கள். மிஸ்ஃபயர் ஆகி, அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றாமல், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போனால் புதியதும் உருகிவிடும்.