தெரிந்த பையன்தானே என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஓய்வுப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்த அந்த வாரமே இன்சூரன்ஸ் பாலிசி விற்க வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்கு படித்த பையன். "டீச்சர், எஃப்டில என்ன கிடைச்சுடும்? இதுல வருஷம் 12 பர்சன்ட், கேரண்டி" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். வருடம் 1 லட்சம், 10 வருடம் கட்டணும். 20 வருடம் முடிந்ததும் 20 லட்சம், போட்டது இரட்டிப்பு. தெரிந்த பிள்ளையாச்சே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பாலிசி வந்த அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அதே தாளைத் திருப்பி வைத்துக் கணக்குப் போட்டேன். பணம் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகிறதோ, அந்த எண்ணால் 72-ஐ வகுத்தால் வட்டி சுமாராகத் தெரிந்துவிடும். நான் கட்டும் முதல் லட்சம் 20 வருடம் அவர்களிடம் இருக்கும், கடைசி லட்சம் 11 வருடம். சராசரி பதினைந்தரை. 72-ஐ அதால் வகுத்தால் நாலரைச் சொச்சம். நிஜமாகவே 12 சதவீதம் என்றால் கைக்கு ஏறக்குறைய 61 லட்சம் வந்திருக்க வேண்டும். உங்களிடம் யார் என்ன எழுதிக் காட்டினாலும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம், ஏஜென்ட் கையால் எழுதிய தாளை நம்பாமல், எவ்வளவு கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று கம்பெனி அச்சடித்துத் தரும் பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷனைக் கேட்டு வாங்குங்கள். போனஸ் தரும் பாலிசியில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு கணக்கு இருக்கும். இரண்டுமே அனுமானம்தான், உறுதி கிடையாது. 'கேரண்டி' என்று போட்டிருக்கும் தொகை மட்டும்தான் உங்களுடையது. "நீங்க சொன்ன 12 இதுல எங்கே இருக்கு, விரலை வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். சொன்னதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வாய் கிழியப் பேசுகிறவர் பலர் அதற்குத் தயங்குவார்கள்.

ப்ரீமியம் எத்தனை வருடம் கட்டணும் என்ற வரியையும் பார்க்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா ஒரே தடவை டெபாசிட் என்று நினைத்து 3 லட்சம் போட்டார். மறுவருடம் அதே தேதிக்கு இன்னொரு 3 லட்சம் கேட்டு மெசேஜ் வந்தபோதுதான் அது இன்சூரன்ஸ் என்றே அவருக்குத் தெரிந்தது.

பாலிசி தருவதற்கு முன் சரிபார்க்க ஒரு போன் வரும். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க டீச்சர்" என்றான் என் மாணவன். நானும் சொன்னேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பேச்சு பதிவாகிறது, நாளைக்குப் புகார் கொடுத்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். "12 சதவீதம் உறுதின்னு சொன்னாங்க, சரியா?" என்று அந்தப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? பயப்பட வேண்டாம். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், இதற்கு ஃப்ரீ லுக் என்று பெயர். கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. மெயிலில் வந்திருந்தால் அந்த மெயிலை அழிக்காதீர்கள். நான் 19-ஆம் நாள் கிளைக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். ஏஜென்டிடம் கொடுத்தனுப்பினால் நாள் கடந்துவிடும். ஸ்டாம்ப் செலவு, மெடிக்கல் டெஸ்ட் செலவு, அத்தனை நாள் காப்பீடு இருந்ததற்கான ப்ரீமியம் போக மீதி திரும்பி வந்தது.

30 நாள் தாண்டிவிட்டதென்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்குப் பதில் சரியில்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா என்ற புகார் தளம் இருக்கிறது, 155255-க்குப் போனும் செய்யலாம். ஒரு மாதமாகியும் தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஏஜென்ட் எழுதிக் காட்டிய தாளையும் வாட்ஸ்அப் மெசேஜையும் சேர்த்து அனுப்புங்கள்.