துபாயிலிருந்து ஊரோடு சேர்ந்து ஒரு நன்றி ஜெபம்

துபாயில் இரவு 7 மணி என்றால் கோவையில் எட்டரை. அப்புச்சியும் அம்மிச்சியும் தூங்கப் போகுமுன் வீடியோ கால் போட இதுதான் தோது. 15 நிமிடம் போதும். வேதாகமத்தில் 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். முன்பகுதியைப் பெரியவர் வாசிக்கட்டும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையும் பின்பகுதியைச் சொல்லிவிடும்.

பிறகு ஆளுக்கொரு நன்றி, அன்று நடந்ததற்கு மட்டும். "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" என்று ஒருவர் தொடங்கினால் அப்புறம் எல்லாரும் அதையே ஒப்பிப்பார்கள். வேலை போன மாதத்தில் யாரையும் வற்புறுத்தாதீர்கள். 13-ஆம் சங்கீதமே புலம்பலில் தொடங்கித்தான் துதியில் முடிகிறது.

ஸ்தோத்திரக் காணிக்கையைச் சேர்த்துவைத்து ஊர்ச் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு அனுப்பலாம். ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த உறவினர் பங்கு போட்டால் அது வெளிநாட்டு நிதி, சபைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உண்டா என்று ஆயரிடம் முதலில் கேளுங்கள்.