எடிட்டரை விட்டு வெளியேறாமல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பார்ப்பது எப்படி?

திருப்பூரில் ஓரளவு பெரிய பனியன் கம்பெனி எதை எடுத்துக்கொண்டாலும், நூல் வரவு, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று துணி எங்கெல்லாம் ஜாப் ஒர்க்குக்குப் போய் வருகிறதோ அந்தக் கணக்கு முழுவதும் ஏதாவதொரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமாக இருந்து, நீங்கள் நிரல் எழுதுவது விஷுவல் ஸ்டுடியோ கோடு எடிட்டரில் என்றால், ஒரு டெலிவரி சலானைச் சரிபார்க்க மட்டும் தனி மென்பொருளைத் திறக்க வேண்டியதில்லை. எஸ்க்யூஎல் டூல்ஸ் என்னும் இலவச நீட்சி, அதாவது எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள் போதும்.

நிறுவுவது எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் நீட்சிகள் பகுதியில் அதன் பெயரைத் தேடி இன்ஸ்டால் பொத்தானை அழுத்துங்கள். ஆனால் இது பாதி வேலைதான். எஸ்க்யூஎல் டூல்ஸ் தானாக எந்தத் தரவுத்தளத்தோடும் பேசாது. போஸ்ட்கிரெஸுக்கு உரிய டிரைவரை இன்னொரு நீட்சியாக நிறுவினால்தான் புதிய இணைப்புக்கான பட்டியலில் போஸ்ட்கிரெஸ் தோன்றும்.

இணைப்பை உருவாக்குவதற்கு முன், படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு பயனரைத் தரவுத்தளத்தில் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். பலர் இதைத் தாண்டிச் சென்று, எல்லா அதிகாரமும் உள்ள போஸ்ட்கிரெஸ் என்ற பயனரின் பெயரையே கொடுத்துவிடுகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. எடிட்டரில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து இயக்கினால், டிரான்ஸாக்‌ஷன் என்று தனியாகத் தொடங்கியிருந்தாலொழிய, அது உடனே நிலையாகப் பதிவாகிவிடும். எந்தப் பதிவுகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் அப்டேட் கட்டளையின் வேர் (WHERE) பகுதியைச் சேர்க்காமல் மேல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து இயக்கினால், எல்லாப் பார்ட்டிகளின் பாக்கியும் ஒரே தொகையாக மாறிவிடக்கூடும். எடிட்டரின் அன்டூ விசை தரவுத்தளத்தைத் தொடாது.

2021இல் வெளியான 14ஆம் பதிப்பு முதல், பிஜி ரீட் ஆல் டேட்டா என்ற ஆயத்த ரோல், அதாவது படிக்கும் உரிமைகளின் தொகுப்பு போஸ்ட்கிரெஸிலேயே இருக்கிறது. புதிய பயனருக்கு அதைக் கிராண்ட் கட்டளையால் வழங்கினால் முடிந்தது. ஆனால் அந்த உரிமை சர்வரில் உள்ள எல்லா அட்டவணைகளுக்கும் பொருந்தும் என்பதால், சம்பளப் பட்டியலும் அங்கேயே இருக்குமானால், தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் தனித்தனியாகச் செலக்ட் உரிமை தருவது நல்லது.

இனி, இடப்புறப் பட்டையில் உள்ள எஸ்க்யூஎல் டூல்ஸ் படத்தை அழுத்தி, புதிய இணைப்பு சேர்க்கும் படிவத்தைத் திறந்து, சர்வரின் முகவரி, தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர் ஆகியவற்றை நிரப்புங்கள். போர்ட் எண் வழக்கமாக 5432. கடவுச்சொல்லை இணைக்கும்போதெல்லாம் கேட்கும்படி அமைப்பதே சரி. அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதிவைத்தால், திட்டத்தின் கோப்புகளோடு சேர்ந்து அதுவும் நிரல் கோப்புகளைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் கிட் களஞ்சியத்துக்குப் போய்ச் சேரக்கூடும். சேமிக்கும் முன் இணைப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

சோதனையில் பிழை வந்தால் அதன் வாசகமே வழிகாட்டும். கடவுச்சொல் தவறு என்று வந்தால், சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று பொருள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால், சர்வர் ஓடவில்லை, போர்ட் எண் மாறியிருக்கிறது, அல்லது சர்வர் தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புகளை மட்டுமே கேட்கிறது. டேட்டாபேஸ் அலுவலகத்தின் வேறொரு கணினியில் இருக்குமானால் பெரும்பாலும் மூன்றாவதுதான் காரணம், ஏனெனில் போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பே அதுதான். சர்வர் எந்த முகவரிகளில் அழைப்புகளைக் கேட்கும் என்று சொல்லும் லிசன் அட்ரஸஸ் என்ற அமைப்பை மாற்றிச் சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். அதன் பிறகு, யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி எச்பிஏ கோப்பில் உங்கள் கணினிக்கு இடமில்லை என்ற பிழை வந்தால், உங்கள் ஐபி முகவரியை அந்தக் கோப்பில் சேர்த்து, அமைப்புகளை மீண்டும் படிக்கச் செய்தால் போதும். இதற்காகச் சர்வரை நிறுத்த வேண்டாம்.

இணைந்த பிறகு அட்டவணைகள் இடப்புறத்தில் வரிசையாகத் தெரியும். எடிட்டரில் எழுதிய எஸ்க்யூஎல் கேள்வியை (குவெரி) தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலையும் ஈ விசையையும் சேர்த்து இருமுறை அழுத்தினால் விடை பக்கத்தில் திறக்கும். கண்ணெதிரே இருக்கும் அட்டவணையை இல்லை என்று போஸ்ட்கிரெஸ் சாதித்தால், அதன் பெயரில் பெரிய எழுத்து கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பெயரை இரட்டை மேற்கோளுக்குள்தான் எழுத வேண்டும்.

அட்டவணையின் பதிவுகளைக் காட்டச் சொன்னால் இயல்பாக 50 வரிகளே வரும் என்பதால், அதைப் பார்த்துவிட்டு இந்த மாதம் டையிங்குக்கு அனுப்பியது இவ்வளவுதான் என்று எண்ணிவிட வேண்டாம். மொத்தத்துக்குத் தனிக் கேள்வி எழுதுங்கள். விடையைச் சிஎஸ்வி கோப்பாகக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும்போது, எக்ஸலில் நேரடியாகத் திறந்தால் தமிழில் உள்ள பார்ட்டி பெயர்கள் சிதைந்து தெரியலாம். டேட்டா பகுதியின் வழியாக, யூடிஎஃப் 8 என்று தேர்ந்தெடுத்து இறக்கினால் பெயர்கள் சரியாக வரும்.