வாய்ஸ்மெயில்: ஆளைப் பூட்டிவிட்டுப் பட்டியலைத் திறந்து வைக்காதீர்கள்

அலுவலக போன் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள், யார் யாருக்கு வாய்ஸ்மெயில் அனுப்பலாம் என்பதைக் கட்டுப்படுத்தும்போது அதே இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். பாஸ்வேர்டு சங்கதிகளை விட்டுவிடுகிறேன். வாய்ஸ்மெயில் சர்வர் மென்பொருளான சிஸ்கோ யூனிட்டி கனெக்‌ஷனை வைத்துச் சொல்கிறேன்.

பார்ட்டிஷனையும் சர்ச் ஸ்பேஸையும் குழப்புவது

பார்ட்டிஷன் என்பது ஆட்களையும் பட்டியல்களையும் பிரித்து வைக்கும் பிரிவு; சர்ச் ஸ்பேஸ் என்பது ஒருவர் தேடக்கூடிய பார்ட்டிஷன்களின் தொகுப்பு. ஒருவருக்கு யார் அனுப்பலாம் என்பது அவர் இருக்கும் பார்ட்டிஷனைப் பொறுத்தது. அவர் யாருக்கு அனுப்பலாம் என்பது அவருடைய சர்ச் ஸ்பேஸைப் பொறுத்தது. இயக்குநரைப் பாதுகாக்கிறேன் என்று இயக்குநரின் சர்ச் ஸ்பேஸைச் சுருக்கிவிட்டால், அவரால்தான் யாருக்கும் அனுப்ப முடியாமல் போகும்.

பட்டியலை மறப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் ஓர் அலுவலகம். தாய் நிறுவனம், துணை நிறுவனம் இரண்டுக்கும் ஒரே சர்வர். வேலை செய்த தம்பி இரண்டு பார்ட்டிஷன், இரண்டு சர்ச் ஸ்பேஸ் என்று அழகாகப் பிரித்தார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்து ஆளின் பெயரைத் தேடினால் வரவில்லை. சரி, வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்.

சர்வரோடு கூடவே வரும், ஒரே செய்தியை எல்லாப் பயனருக்கும் அனுப்பும் ‘ஆல் வாய்ஸ்மெயில் யூசர்ஸ்’ பட்டியல் மட்டும் பழைய பார்ட்டிஷனிலேயே கிடந்தது. அந்தப் பழைய பார்ட்டிஷன் இரண்டு சர்ச் ஸ்பேஸிலும் இருந்தது. அனுப்பும்போது சிஸ்டம் பார்ப்பது பட்டியலை எட்ட முடியுமா என்பதைத்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் எட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. சம்பளப் பிரிவு அம்மா ஒருவர், சக ஊழியரின் பெயரைத் தேட, அதன் ஆங்கில எழுத்துகளுக்கான போன் எண்களை 2, 5, 5 என்று அழுத்தியிருக்கிறார். ‘ஆல்’ (ALL) என்று தொடங்கும் பட்டியலுக்கும் அதே மூன்று எண்கள்தான். அவசரத்தில் அதை உறுதிசெய்துவிட்டார். ஒருவருடைய பெயரும் சம்பளப் பிடித்தமும் இரண்டு நிறுவனத்துக்கும் போய்விட்டன. எரிச்சலோடு ‘அனைவருக்கும் பதில்’ கொடுத்தவர்களின் குரலும் எல்லாருக்கும் போனது.

2021 பிப்ரவரியிலிருந்து, கடும் பாதிப்பு ஏற்படுத்தக்கூடிய தகவல் கசிவை இங்கே சிங்கப்பூரில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்க வேண்டியதுதான் என்று முடிவானதும் 3 நாள்தான் அவகாசம். ஒரே நிறுவனத்துக்குள் நடந்த கசிவுக்கு விலக்கு உண்டு. இங்கே செய்தி இன்னொரு நிறுவனத்துக்குப் போய்விட்டதால் அந்த விலக்கைக் காட்ட வழியில்லை. பெயரும் சம்பளமும் சேர்ந்து வெளியே போவது சட்டம் கடுமையாகப் பார்க்கும் வகை. அந்த அம்மா கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். தவறு அவருடையது இல்லை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. எல்லாப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். பயனருக்கு என்னென்ன அனுமதி என்று வரையறுக்கும் கிளாஸ் ஆஃப் சர்வீஸில் இருப்பது பட்டியலுக்கு அனுப்பலாமா கூடாதா என்ற ஒற்றைக் கட்டம்தான்; எந்தப் பட்டியல் என்று அங்கே பிரிக்க முடியாது. அதனால் பெரிய பட்டியல்களைத் தனிப் பார்ட்டிஷனில் போட்டு, தேவைப்படும் ஓரிருவரின் சர்ச் ஸ்பேஸில் மட்டும் அதைச் சேருங்கள்.

புதியவர்களுக்கான டெம்ப்ளேட்

புதிய பயனரைச் சேர்க்கும்போது சர்வர் எடுத்துக்கொள்ளும் முன்மாதிரி அமைப்பு இது. அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதிதாகச் சேருபவர் பழைய பார்ட்டிஷனில் போய் விழுவார்.

ஒலிபரப்புச் செய்தி

எல்லாருடைய பெட்டிக்கும் ஒரே நேரத்தில் போகும் செய்தி இது. இதை அனுப்ப ஓரிருவருக்கு மேல் அனுமதி வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் மற்ற செய்திகளுக்கு முன்னால் இதுதான் ஒலிக்கும். முழுதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேரடி அழைப்பு

இவ்வளவும் பெட்டிக்குள்ளிருந்து அனுப்பும் செய்திக்குத்தான். இயக்குநரின் எக்ஸ்டென்ஷனுக்கு அடித்து, அவர் எடுக்காதபோது யார் வேண்டுமானாலும் செய்தி விடலாம். அதை நிறுத்த ஒரு வழி, போன் சிஸ்டத்தில் அழைப்பையே தடுப்பது. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.